இடிந்த மலைக்கோட்டையின் வரலாற்றைக் களத்தில் படிப்பது எப்படி: ஷாத்தோ கையார்

பிரான்சின் நார்மண்டிப் பகுதியில் செய்ன் ஆறு பெரிதாக வளைந்து திரும்பும் இடத்தில், ஆற்றுமட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரமுள்ள சுண்ணப்பாறை முகட்டின்மேல் ஷாத்தோ கையார் என்னும் கோட்டை இடிந்து நிற்கிறது. இங்கிலாந்தின் மன்னனும் நார்மண்டியின் கோமகனுமான முதலாம் ரிச்சர்டு 1196-க்கும் 1198-க்கும் இடையில் இதைக் கட்டினான். 1204 மார்ச்சில் இது பிரெஞ்சு மன்னன் இரண்டாம் பிலிப்பிடம் வீழ்ந்தது. இங்கே வருவோரில் பலர் ஆற்றின் வளைவைப் படம் எடுத்துக்கொண்டு, நடுக்கோபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "போரில் இடிந்த கோட்டை" என்ற எண்ணத்தோடு இறங்கிவிடுகிறார்கள். அந்த எண்ணம் பாதிக்குமேல் தவறானது. இன்று நம் கண்ணில் படும் இடிபாட்டில் போர் செய்தது ஒரு பங்கு; நான்கு நூற்றாண்டுகள் கழித்து அரச ஆணையின்பேரில் கல் கல்லாகப் பிரித்தெடுத்தது இன்னொரு பங்கு; மழையும் பனியும் செய்தது மற்றொரு பங்கு. இவற்றைத் தனித்தனியே பிரித்தறியப் பழகுவதுதான் இடிந்த கோட்டையைப் படிக்கும் முறை. அதற்கு இந்தக் கோட்டையைவிட நல்ல பயிற்சிக்களம் கிடைப்பது அரிது, ஏனென்றால் முற்றுகையின் ஒவ்வொரு கட்டத்தையும் பதிவு செய்த சமகாலச் சான்று, முற்றுகையின்போது உடனிருந்த கியோம் ல பிரெத்தோன் எழுதிய ஏடு, நம்மிடம் இருக்கிறது. அந்தச் சான்று சொல்லும் இடங்களும் இன்றைக்கும் காலால் நடந்து பார்க்கும்படி இருக்கின்றன.

புறப்படுவதற்கு முன்: நிலப்படமும் கணக்கும்

முதலில் கோட்டையின் படங்களைப் பார்க்க வேண்டாம். உயரக்கோடுகள் உள்ள நிலப்படம் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று செய்திகளைத் தேட வேண்டும். முதலாவது, ஆறு எந்தத் திசையில் ஓடுகிறது என்பது. செய்ன் பாரிசிலிருந்து இறங்கி, ஆந்திலி ஊரைக் கடந்து, நார்மண்டியின் தலைநகரான ரூவானுக்குச் செல்கிறது. ஆகவே பாரிசிலிருந்து படகில் படை இறக்க நினைக்கும் எவரும் இந்த வளைவைக் கடந்தே ஆக வேண்டும். இரண்டாவது, பக்கத்தில் வேறு என்னென்ன கோட்டைகள் இருந்தன என்பது. சிலுவைப் போரிலிருந்து திரும்பும் வழியில் பிடிபட்ட ரிச்சர்டு 1194 பிப்ரவரி வரை சிறையில் இருந்தான். அந்த இடைவெளியில், எல்லையைக் காத்துவந்த ஜிசோர் கோட்டையை பிலிப் 1193-இல் கைப்பற்றிக்கொண்டான். ஜிசோர் போனபின் ரூவானுக்குச் செல்லும் வழி திறந்து கிடந்தது. ஆந்திலியில் எழுந்த புதிய கோட்டை அந்த ஓட்டையை அடைக்க வந்தது.

மூன்றாவது செய்திதான் எல்லாவற்றிலும் முக்கியமானது: முகட்டுக்கு எந்தப் பக்கத்திலிருந்து தரைவழியாக வர முடியும்? படத்தில் மூன்று பக்கங்களிலும் உயரக்கோடுகள் நெருங்கிக் கிடப்பதையும், தென்கிழக்கே மட்டும் அவை விலகி, குறுகிய கழுத்துப் போன்ற நிலம் பின்னாலுள்ள மேட்டுச் சமவெளியோடு முகட்டை இணைப்பதையும் காண்பீர்கள். அந்த மேடு கோட்டையைவிட உயரமானது. மலைக்கோட்டை என்றால் சுற்றுவட்டாரத்திலேயே உயர்ந்த இடத்தில்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். ரிச்சர்டுக்கு ஆற்றின்மேல் பிடி வேண்டும். அதற்காகப் பின்பக்கம் தன்னைவிட உயர்ந்த நிலம் இருப்பதைப் பொறுத்துக்கொண்டான். கோட்டையின் அமைப்பு முழுவதும் அந்தப் பலவீனத்துக்குச் சொன்ன விடை என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொரு மதிலும் ஏன் அங்கே இருக்கிறது என்பது தானாக விளங்கும்.

நிலப்படத்துக்கு அடுத்து அரசியலைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்; நீளமாகப் போக வேண்டியதில்லை. 1196 ஜனவரியில் இரு மன்னர்களும் செய்துகொண்ட உடன்படிக்கை, ஆந்திலியில் எவரும் அரண் கட்டக் கூடாது என்றது. அந்த நிலமோ ரூவான் பேராயருக்குச் சொந்தம். ரிச்சர்டு இரண்டையும் பொருட்படுத்தாமல் வேலையைத் தொடங்கினான். பேராயர் வால்ட்டர் நார்மண்டி முழுவதும் திருச்சபைச் சடங்குகளைத் தடைசெய்துவிட்டு, ரோமுக்குச் சென்று திருத்தந்தையிடம் முறையிட்டார். முடிவில் 1197-இல், வருவாய் மிகுந்த தியெப் துறைமுகமும் வேறு சில நிலங்களும் பேராயருக்கு மாற்றாகக் கிடைத்தன, ஆந்திலி மன்னனுக்கானது. கோட்டை எவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டது என்பதை இந்த விலையிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

அந்த அவசரம் அரசாங்கக் கணக்குச் சுருள்களிலும் தெரிகிறது. ஏறத்தாழ 12,000 பவுண்டு இரண்டே ஆண்டுகளில் இங்கே செலவாயிற்று. ரிச்சர்டு தன் ஆட்சிக்காலம் முழுவதும் இங்கிலாந்திலுள்ள எல்லாக் கோட்டைகளுக்குமாகச் செலவிட்ட தொகை 7,000 பவுண்டு அளவில்தான் இருக்கும். கல்லுடைப்போர், கொத்தர், தச்சர், சுண்ணாம்பு சுடுவோர், தண்ணீர் சுமப்போர், காவலர் எனக் கூலி வாங்கியவர்கள் வகைவகையாகப் பதிவாகியிருக்க, வேலையை வகுத்துக் கொடுத்த தலைமைச் சிற்பி ஒருவரின் பெயர் அதில் இல்லை. திட்டத்தை மன்னனே வகுத்திருக்கலாம் என்று பலர் கருதுவதற்கு அதுவே காரணம். எந்தக் கோட்டையை ஆராய்ந்தாலும் கட்டுமானக் கணக்கு கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள்; புகழ்மாலைகளைவிட அது நம்பத்தக்கது.

எதிரி நின்ற மேட்டில் தொடங்குங்கள்

கோட்டையின் அடிவாரத்து ஊரான பெத்தி ஆந்திலியிலிருந்து செங்குத்தான பாதையில் ஏறி நேரே வாசலுக்குப் போய்விடாமல், முதலில் பின்பக்கத்து மேட்டுக்குச் செல்லுங்கள். பிலிப்பின் படை 1203 கடைசியில் பாளையமிட்டது இந்தப் பக்கத்தில்தான். கல்லெறி பொறிகளை இயக்கியவர்கள் கண்ட அதே காட்சி இங்கிருந்து கிடைக்கும்: முன்னால் முக்கோண வடிவில் புற முற்றம், அதன் கூர்முனை நம்மை நோக்கியிருக்கும், அதற்குப் பின்னால் பாறையை வெட்டி இறக்கிய அகழி, அதற்கு அப்பால் நடு முற்றம், நடு முற்றத்துக்குள்ளே, தனக்கென்று ஓர் அகழியோடு உள் முற்றம், உள் முற்றத்தின் மதிலோடு ஒட்டி ஆற்றுப்பக்கமாக நடுக்கோபுரம். எல்லாம் ஒரே கோட்டில் அடுக்கப்பட்டிருக்கும். ஒன்று வீழ்ந்தால் அடுத்ததற்குப் பின்வாங்கலாம் என்பது திட்டம். ஆனால் அதே ஒழுங்கு, எதிரிக்கு ஒரே பாதையைக் காட்டி, அவன் தன் முழு வலுவையும் அந்தப் பாதையிலேயே குவிக்கவும் வழிசெய்தது. இதை மேட்டில் நின்று பார்த்தால்தான் புரியும். உள்ளே போய்விட்டால் மதில்கள் கண்ணை மறைத்துவிடும்.

நார்மண்டி இதற்குள் ரிச்சர்டின் தம்பி ஜானிடம் வந்திருந்தது. 1199 ஏப்ரலில் ஷாலூ என்ற சிறு கோட்டையின் முற்றுகையில் அம்புக்காயம் பட்டு ரிச்சர்டு இறந்தான். 1203-இல் பிலிப் வந்தபோது கோட்டைத் தலைவனாக இருந்தவன் ரோஜர் டி லேசி. ஆற்றின் குறுக்கே நட்டிருந்த கழுவரிசைகளையும், எதிரேயுள்ள தீவின் சிற்றரணையும் பிரெஞ்சுப் படை முதலில் கைப்பற்றியது. மேட்டிலிருந்து ஆற்றுப்பக்கம் பார்வையைத் திருப்பினால் அந்தத் தீவு தெரியும். ஜான் அனுப்பிய உதவிப்படை இரவில் தரைவழியாகவும் படகுகளிலும் ஒரே நேரத்தில் தாக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நீரோட்டத்தைத் தவறாகக் கணித்ததால் படகுகள் தாமதமாக வந்துசேர, தரைப்படையை முதலிலும் படகுகளைப் பிறகும் பிலிப்பின் ஆட்கள் தனித்தனியாக முறியடித்தார்கள். அதற்குப்பின் உதவி வரவில்லை. பிலிப் முகட்டைச் சுற்றி இரட்டைப் பள்ளங்கள் வெட்டி, இடையிடையே மரக்காவல் கோபுரங்கள் நிறுத்தி, குளிர்காலம் முழுவதும் காத்திருந்தான்.

அந்தக் குளிர்காலத்தின் கொடுமையைச் சொல்ல, இறங்கி அகழிச் சரிவுகளில் நடக்க வேண்டும். பெத்தி ஆந்திலி வீழ்ந்தபோது ஊர்மக்கள் கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்தார்கள். உணவு குறையக் குறைய டி லேசி அவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றினான். முதலில் வந்தவர்களை பிரெஞ்சுப் படை வழிவிட்டு அனுப்பியது. பிறகு வழி அடைபட்டது. கோட்டை வாசலும் திறக்கவில்லை. முதியோரும் பெண்களும் குழந்தைகளுமாக நூற்றுக்கணக்கானோர் மதிலுக்கும் பள்ளத்துக்கும் இடையிலான சரிவில், பனிக்காலத்தில், புல்லையும் கிடைத்ததையும் தின்று கிடந்தார்கள். பலர் அங்கேயே இறந்தார்கள். எஞ்சியவர்களுக்கு பிலிப் பின்னர் உணவு கொடுத்து வழிவிட்டான். கோட்டை வரலாறு என்றாலே மன்னர்களும் மதில்களும் என்று நின்றுவிடுகிறவர்கள் இந்தச் சரிவில் கொஞ்ச நேரம் செலவிடுவது நல்லது. இதற்குக் கல்லில் எந்தத் தடயமும் இல்லை. ஏடு மட்டுமே சொல்கிறது.

வீழ்ந்த வரிசையில் நடங்கள்

இனிக் கோட்டைக்குள் நுழையலாம். கட்டிய வரிசையையோ அறிவிப்புப் பலகை காட்டும் வரிசையையோ பின்பற்றாமல், வீழ்ந்த வரிசையில் நடக்க வேண்டும். 1204 பிப்ரவரியில் தாக்குதல் தொடங்கியது; முதலில் போனது புற முற்றம். அகழியைத் தூர்க்கும் வேலை முடிவதற்குள் பொறுமையிழந்த வீரர்கள் உள்ளே இறங்கினார்கள். எதிர்ச்சுவரில் ஏற ஏணி எட்டவில்லை. பாறையில் கத்தியைச் செருகியும் கால்வைக்கக் குழி வெட்டியும் மேலேறினார்கள் என்று ஏடு சொல்கிறது. அகழியின் பக்கச்சுவரைக் கிட்டே சென்று பாருங்கள். வெளிர் நிறச் சுண்ணப்பாறையில் கருப்பும் சாம்பலுமாகத் தீக்கல் படுகைகள் கோடுகோடாக ஓடும். சுண்ணப்பாறை நகத்தால் கீறினால் பொடி உதிரும் அளவுக்கு மென்மையானது. கத்தி இறங்கியது என்ற செய்தி மிகையா உண்மையா என்பதை அங்கேயே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்து நடந்தது சுரங்கம். கோபுரத்தின் அடித்தளத்துக்குக் கீழே குடைந்து, குடையக் குடைய மேற்கட்டு சரியாமல் மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, பிறகு அந்தக் கட்டைகளுக்குத் தீ வைப்பார்கள். முட்டு எரிந்து விழும்போது மேலே உள்ள சுவரும் விழும். பாறை எளிதில் வெட்டுப்பட்டதால் ரிச்சர்டால் இரண்டே ஆண்டுகளில் ஆழமான அகழிகளை வெட்ட முடிந்தது. அதே காரணத்தால் பிலிப்பின் சுரங்கக்காரர்களும் விரைவில் குடைந்தார்கள். எந்த இடிந்த கோட்டையிலும் அடிப்பாறையின் தன்மையைப் பார்க்காமல் சுவரை மட்டும் பார்ப்பது பாதிப் படிப்புத்தான்.

நடு முற்றம் வீழ்ந்த கதைதான் எல்லாச் சுற்றுலா வழிகாட்டிகளும் சிரித்துக்கொண்டே சொல்வது. போஜி என்ற வீரனும் அவன் தோழர்களும் கழிவறைத் துளை வழியாக உள்ளே புகுந்தார்கள் என்பார்கள். ஏட்டை எழுதிய கியோம் ல பிரெத்தோன், பிலிப்பின் அரண்மனைக் குருவாக இருந்தவர். அவர் எழுதிய பாடலில், ஜான் மன்னன் பின்னாளில் கட்டிச் சேர்த்த சிற்றாலயக் கட்டடத்தின் சாளரம் ஒன்று வருகிறது. எது சரி என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. கழிவறைக் கதை கேட்கச் சுவையானது என்பதற்காகவே பரவியிருக்கலாம். திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் ஆலயத்தைக் குறிப்பிட்டதற்கும் அவருக்கென்று காரணம் இருந்திருக்கலாம். நீங்கள் செய்ய வேண்டியது, தென்மேற்கு ஓரத்தில் அந்தக் கட்டடம் நின்ற பகுதிக்குப் போய், கீழே உள்ள சரிவு எவ்வளவு ஏறத்தக்கது என்று பார்ப்பது. ஏட்டை எழுதியவர் வென்றவரின் ஆள் என்பதையும் மறக்கக் கூடாது. தோற்றவர் தரப்பில் இதற்கு இணையான விரிவான பதிவு எழுதப்படவில்லை. இரு கதைகளும் ஒத்துப்போகும் ஒரு செய்தி உறுதியானது: மூலத்திட்டத்தில் இல்லாத, பின்னால் சேர்த்த கட்டடம் ஒன்று அரணில் ஓட்டையானது. உள்ளே புகுந்தவர்களை விரட்டக் காவலர்கள் வைத்த தீ பரவி, அவர்களையே உள் முற்றத்துக்குள் தள்ளியது.

உள் முற்றத்தின் மதிலுக்கு நேரம் ஒதுக்குங்கள். இந்தக் கோட்டையின் தனித்தன்மை அதில்தான் இருக்கிறது. வழக்கமான மதிலில் நேர்ச்சுவரும், இடையிடையே கொத்தளங்களும் இருக்கும். இங்கே மதில் முழுவதுமே வெளிப்புறம் புடைத்த வட்டத்துண்டுகளை நெருக்கமாக அடுக்கியதுபோல் அலையலையாகச் செல்கிறது. ஒரு புடைப்பின்மேல் உள்ளங்கையை வைத்து நகர்த்திக்கொண்டே போனால், அடுத்த புடைப்பு தொடங்கும் இடத்தில் கை குறுகிய மடிப்புக்குள் இறங்குவதை உணரலாம். எறிந்த கல் நேராக மோதாமல் வழுக்கிச் செல்லவும், மதிலடியில் ஒளிந்து நிற்பவனை மேலிருந்து பார்க்க முடியாத மூலைகள் குறையவும் செய்த ஏற்பாடு இது.

இவ்வளவு யோசித்தவர்கள் ஓர் இடத்தில் கோட்டைவிட்டார்கள். நடு முற்றத்திலிருந்து உள் முற்றத்து வாசலுக்குச் செல்லும் பாலத்தை, இழுத்தெடுக்கும் மரப்பாலமாக வைக்காமல், அகழி வெட்டும்போதே பாறையை விட்டுவைத்து நிலையான பாலமாக அமைத்தார்கள். அகழிக்குள் இறங்கி அந்தப் பாறைப்பாலத்தை ஒட்டி நின்று மேலே பாருங்கள்: மதிலில் நிற்பவனுக்கு உங்களைக் காண முடியாது. பிலிப்பின் சுரங்கக்காரர்கள் அங்கேதான் பதுங்கிக் குடைந்தார்கள். உள்ளிருந்தவர்கள் எதிர்ச்சுரங்கம் வெட்டி அவர்களை விரட்டினார்கள். ஆனால் இரு பக்கமும் குடைந்த சுவர் வலுவிழந்தது. பெரிய கல்லெறி பொறி ஒன்று மிச்சத்தை முடித்தது. 1204 மார்ச் 6 அன்று ஏறத்தாழ நூற்றைம்பது பேர் பிடிபட்டார்கள். கடைசிப் புகலிடமாகக் கட்டிய நடுக்கோபுரத்துக்குள் அவர்கள் போகவே இல்லை. திட்டிவாசல் வழியாக வெளியேற முயன்றபோது அகப்பட்டார்கள். அதே ஆண்டு ஜூனில் ரூவானும் பணிந்தது.

ஆகவே நடுக்கோபுரத்தைக் கடைசியில் பாருங்கள். போரில் அதற்குப் பங்கு சிறிது. தாக்குதல் வரக்கூடிய பக்கம் கப்பல்மூக்குப்போல் கூராக நீண்டிருப்பதையும், சுவரை ஒட்டிய தாங்குதூண்கள் கீழே ஒடுங்கி மேலே போகப்போக அகன்று, தலைகீழ்க் கூம்புபோல் நிற்பதையும் கவனியுங்கள். அவற்றின் தலைப்பில் வளைவுகளைக் கட்டி, வளைவுக்கும் சுவருக்கும் இடையிலான துளைகள் வழியே கீழே கல்லைப் போடும்படி அமைத்திருந்தார்கள். ஐரோப்பாவில் இவ்வகை அமைப்புக்கு இது மிகப் பழைய எடுத்துக்காட்டுகளில் ஒன்று. அந்த மேற்பகுதி இன்று இல்லை.

இல்லாத கற்களைத் தேடுங்கள்

மேற்பகுதி எங்கே போயிற்று? இந்தக் கேள்விக்கு 1204-இல் விடை கிடைக்காது. பிலிப் கோட்டையைச் செப்பனிட்டுப் பயன்படுத்தினான். 1314-இல் பிறன்மனைக் குற்றம் சாட்டப்பட்ட அரச மருமகள்கள் மார்கரித்தும் பிளான்ஷும் இங்கே சிறைவைக்கப்பட்டார்கள். மார்கரித் மறு ஆண்டு இங்கேயே இறந்தாள். 1334 முதல் 1341 வரை ஸ்காட்லாந்தின் சிறுவயது மன்னன் இரண்டாம் டேவிட் அடைக்கலமாகத் தங்கினான். 1419-இல் ஆங்கிலேயர் நெடுநாள் முற்றுகையிட்டபோது, கிணற்றில் நீர் இறைக்கும் கயிறுகள் தேய்ந்து அறுந்து போனதால் காவலர்கள் பணிந்தார்கள் என்று பிரெஞ்சு வரலாற்றுப் பதிவு சொல்கிறது. 1449-இல் அது மீண்டும் பிரெஞ்சு வசமானது. இடிந்த கோட்டையில் மன்னனைக் குடிவைக்க முடியாது. நெடுநாள் முற்றுகையைத் தாங்கவும் முடியாது. ஆகவே இவ்வளவு காலமும் கோட்டை உறுதியாக நின்றது என்று கொள்ள வேண்டும்.

பதினாறாம் நூற்றாண்டின் மதப்போர்களில் கோட்டை மறுபடியும் ஒரு தரப்பின் பிடியில் சிக்கியது. பிரெஞ்சு மன்னன் நான்காம் ஹென்றி 1591-இல் அதை மீட்டான். காலியாக விட்டால் நாளைக்கு எவனாவது ஆயுதக்கூட்டத்தோடு உள்ளே புகுந்துகொள்வான் என்று அஞ்சிய நார்மண்டியின் பிரதிநிதிகள் அவை, இடித்துவிடும்படி மன்னனை வேண்டியது. 1599-இல் ஆணை பிறந்தது. 1603-இல் கப்புச்சின் துறவியர், தங்கள் மடத்தைச் செப்பனிடக் கற்களை எடுத்துக்கொள்ள அனுமதி பெற்றார்கள். இடிப்பு 1611 வரை நீடித்தது. 1862-இல் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னமாக அறிவித்தது.

இந்தக் கடைசிக் கட்டத்தைச் சுவரில் அடையாளம் காண்பது கடினமில்லை. கோட்டைச் சுவர் வெளியே செதுக்கிய கல்லும், உள்ளே சுண்ணாம்புச் சாந்தில் பதித்த தீக்கல்லும் துண்டுக்கல்லுமாகக் கட்டப்பட்டது. மடம் கட்டுகிறவனுக்குச் செதுக்கிய கல்தான் வேண்டும். உள்ளீட்டை அவன் தொடமாட்டான். ஆகவே முகப்புக்கல் ஒழுங்காக உரிந்துபோய், சொரசொரப்பான உள்ளீடு மட்டும் தன் வடிவத்தில் நிற்கும் இடம் கல் எடுத்த இடம். முகப்பும் உள்ளீடும் சேர்ந்து பெரிய கட்டியாகச் சரிந்து கிடந்தால், அடித்தளம் குடைபட்டதையோ வேண்டுமென்று தகர்த்ததையோ ஐயப்படலாம். சாந்து கரைந்து, விளிம்புகள் வட்டமாகி, சிறுகற்கள் அடியில் குவிந்திருந்தால் அது வானிலையின் வேலை. சாந்தின் நிறம் சட்டென்று மாறி, கற்கள் கூரான விளிம்போடு இருந்தால் அண்மைக்காலப் பழுதுபார்ப்பு. அதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டாக எண்ணி மயங்க வேண்டாம். ஒரே சுவரில் இந்த நான்கும் கலந்திருப்பதும் உண்டு. கையிலுள்ள தரைப்படத்தின் நகலில் நான்கு நிறப் பென்சில்களால் குறித்துக்கொண்டே நடந்தால் குழப்பம் குறையும்.

நடைமுறைக் குறிப்புகள் சில. மழை பெய்த மறுநாள் சுண்ணப்பாறைச் சரிவு வழுக்கும். பிடிப்புள்ள காலணி கட்டாயம் வேண்டும். புற மதில்களையும் சரிவுகளையும் சுற்றி வரலாம். உள் முற்றம் குளிர்மாதங்களில் மூடியிருக்கும் என்பதால் திறப்பு நாட்களை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தடுப்பு வைத்த இடங்களில் அகழிக்குள் இறங்க வேண்டாம். விளிம்பில் நின்றே பாறைப்பாலத்தின் அடிவாரத்தைப் பார்க்க முடியும். சுவரின் உரிந்த பகுதிகளைப் படமெடுக்க உச்சிவெயில் உதவாது; காலையிலோ மாலையிலோ வெளிச்சம் சாய்வாக விழும்போதுதான் மேடுபள்ளம் பதிவாகும். ஒரு மணி நேரமே கையில் இருந்தால் நடுக்கோபுரத்தை விட்டுவிட்டு, மேட்டிலிருந்து பார்ப்பதற்கும் இரண்டு அகழிகளுக்கும் அந்த நேரத்தைக் கொடுங்கள். அரை நாள் இருந்தால் கடைசியில் பெத்தி ஆந்திலிக்கு இறங்கி ஆற்றங்கரையில் நின்று மேலே பாருங்கள். கோட்டை கட்டப்பட்டது அந்தப் பக்கத்தைக் காக்கத்தான், வீழ்ந்தது எதிர்ப்பக்கத்தில்.